நெடுவழி யோட்டமும் உடற்பருமனும்

உடல் பருத்தோர் அப்பருமனைக் குறைத்தற்பொருட்டு ஓடப் புகுதல் இந்நாளில் எங்குங் காணப்படும் வழக்கமாயிற்று. சென்னைக் கடற்கரையில் மட்டுமன்று. திருத்தணிக்கு அண்மையிலுள்ள எமது கே.ஜி.கண்டிகை போன்ற சிற்றூர்களிலும் வைகறையிற் காலணி பூண்டு சாலையோரமாக ஓடுவோரைக் காண்கின்றோம். முன்னாளில் இப்பக்கத்தில் விடியுமுன் ஓடுவோன் ஒன்று பேருந்தைப் பிடிக்க ஓடுவான். அன்றேல் காவற்படைத் தேர்வுக்கு ஆயத்தஞ் செய்யும் இளைஞனாயிருப்பான். இப்பொழுதோ நாற்பது வயது கடந்த ஆசிரியரும், விசைத்தறி வைத்திருப்போரும், மளிகைக் கடைக்காரரும் ஓடுகின்றனர். இது மகிழத்தக்கதே. ஆயினும், தை மாதத்தில் ஓடத் தொடங்கியோருட் பலரைச் சித்திரையிற் சாலையிற் காண்டல் அரிது. திருத்தணி வெயில் அதற்கு ஒரு காரணமெனலாம், மெய்க்காரணம் அஃதன்று. எடை பார்க்கும் பொறியே அவர்களை ஓட்டத்தினின்றும் ஓட்டி விடுகின்றது.

யாமும் அவ்வழியே சென்று மீண்டவராதலின் இதனைத் துணிந்து எழுதுகின்றோம். 84 கிலோ எடையோடு தொடங்கி, நாளொன்றுக்கு 5 கிலோமீட்டராக, வாரத்துக்கு நான்கு நாள் வீதம், பன்னிரண்டு வாரம் தவறாது ஓடினோம். முடிவில் பொறியின்மேல் ஏறி நின்றபோது அது 83 காட்டிற்று. ஐயுற்று இறங்கி மீண்டும் ஏறினோம், மறுபடியும் 83. அன்று மாலையே காலணிகளைக் கட்டிலின்கீழ்த் தள்ளினோம். குற்றம் பொறியினிடத்தன்று, எமது கணக்கினிடத்தே உளதென்பதை உணர்ந்துகொள்ளப் பின்னும் பல நாட்கள் சென்றன. அக்கணக்கு யாதென்பதை ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

மனிதன் ஓடுங்கால் தன் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும், கடந்த தொலைவில் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும், ஏறக்குறைய ஒரு கலோரி செலவாகின்றது. விரைந்தோடினாலும் மெல்லவோடினாலும் இவ்வளவு பெரிதும் வேறுபடுவதில்லை. விரைந்தோடுவோன் குறைந்த நேரத்தில் அதனைச் செலவிடுகின்றான், அவ்வளவே. ஆகவே 84 கிலோ எடையுடையான் 5 கிலோமீட்டர் ஓடினால் 420 கலோரி செலவாம். இனி, உடலிற் படிந்த கொழுப்பு ஒரு கிலோவைக் கரைத்தற்கு ஏறத்தாழ 7,700 கலோரி வேண்டும். யாம் பன்னிரண்டு வாரத்தில் ஓடிய தொலைவு 240 கிலோமீட்டர். செலவான கலோரி இருபதினாயிரத்துக்குச் சற்று மேல். அதற்கு ஈடான கொழுப்பு இரண்டரைக் கிலோவினும் சிறிதே மிகுதி. மூன்று திங்கட் பாடுபட்டதற்குக் கணக்கின்படி கிடைத்தற்குரியதே இவ்வளவுதான். பத்துக் கிலோ குறையுமென்று எண்ணித் தொடங்கிய எமது பேதைமையை என்னென்பது!

எம்மூர்க்கு அண்மையிலுள்ள திருத்தணி மலையையே மற்றோர் அளவுகோலாகக் கொள்ளலாம். ஆண்டின் நாட்களுக்கு ஈடாக அம்மலைக்கு 365 படிகள் உள்ளன என்பது யாவரும் அறிந்தது. டிசம்பர் 31-ஆம் நாள் நிகழும் படித் திருவிழாவில் அடியார்கள் படிதோறும் திருப்புகழ் பாடி ஏறுவர். படியொன்றின் உயரம் அரை அடியென்று வைத்துக்கொள்வோம். 365 படிகளும் ஏறினால் உயர்ந்த அளவு 55 மீட்டர். 84 கிலோ எடையை அவ்வுயரத்துக்குத் தூக்குதற்கு வேண்டும் வேலை 11 கலோரி மாத்திரையே. தசைகள் தமக்குக் கிடைக்கும் ஆற்றலில் நாலிலொரு பங்கையே வேலையாக மாற்றி, எஞ்சியதை வெப்பமாக விடுவனவாதலின், அதனை நான்கு மடங்காக்கினால் நாற்பது கலோரிக்குச் சற்று மேலாகும். மூச்சிரைக்க, முழங்கால் நடுங்க, மலையுச்சியை எட்டியதன் விலை ஒரு சிறிய இட்டிலி! இதனைக் கேட்டு எம் நண்பரொருவர் பெரிதும் வருந்தினார். வருந்தற்பாலதன்று. சிறிதளவு உணவைக்கொண்டு நெடுந்தொலைவு செல்லுமாறு அமைந்த பொறியாதலினாலன்றோ மனித உடல் பஞ்சங்கள் பலவற்றைக் கடந்து இந்நாள்வரை நிலைத்துள்ளது?

இரண்டரைக் கிலோ குறைந்திருத்தற்குரிய இடத்தில் எமக்கு ஒரு கிலோவே குறைந்ததேன்? எஞ்சிய ஒன்றரைக் கிலோவை யாம் தேநீர்க்கடையில் தேடிக் கண்டுபிடித்தோம். ஓடி முடித்ததும் கடையோரத்து விசிப்பலகையில் அமர்ந்து சூடான வடை இரண்டும், சர்க்கரை மிகுந்த தேநீர் ஒரு குவளையும் உட்கொள்ளுதல் எமது வழக்கமாயிருந்தது. அவற்றின் அளவு 300 கலோரிக்குக் குறையாது. ஓடியதிற் பெரும்பகுதி அவ்விடத்திலேயே ஈடாயிற்று. உடற்பயிற்சி செய்தோர்க்குப் பசி மிகுதல் இயற்கை. பயிற்சி செய்தோம், ஆதலால் உண்ணலாம் என்று மனம் தனக்குத்தானே உரிமைச்சீட்டு எழுதிக்கொள்ளுதல் அதனினுங் கொடிது. இவையன்றி மற்றொன்றுமுண்டு. காலையில் ஓடியோன் பகலில் தன்னையறியாமலே அசைவைக் குறைத்துக்கொள்கின்றான். முன்பு நடந்து சென்ற கடைக்கு இப்பொழுது வண்டியிற் செல்வான். ஞாயிறன்று பிற்பகல் முழுதும் உறங்குவான்.

உடலும் தன்னளவில் ஒரு சிக்கனம் செய்கின்றதென்பர். தான்சானியா நாட்டில் வேட்டையாடியும் கிழங்ககழ்ந்தும் வாழும் ஹாட்சா மக்களை ஹெர்மன் பாண்ட்சர் என்னும் அமெரிக்க அறிஞரும் அவருடைய துணைவரும் ஆராய்ந்து 2012-இல் வெளியிட்ட முடிவு பலரை வியப்பிலாழ்த்திற்று. நாள்தோறும் நெடுந்தொலைவு நடக்கும் அம்மக்கள் செலவிடும் மொத்தக் கலோரி, உடலளவைக் கணக்கிற் கொண்டு பார்க்குமிடத்து, நாற்காலியில் அமர்ந்து வாழும் மேனாட்டார் செலவிடுவதோடு ஒத்திருந்தது. உழைப்பு மிகுங்கால் உடல் வேறு வழிகளிற் செலவைச் சுருக்கிக்கொள்கின்றதென்பது அவ்வறிஞரின் கருத்து. அது எவ்வளவிற்று என்பதில் ஆராய்ச்சியாளரிடையே இன்னும் வழக்குண்டு. ஆயினும் ஓட்டமொன்றனாலேயே உடல் இளைக்குமென்று நம்புதல் தவறென்பதில் வழக்கில்லை.

வியர்வையைக் குறித்தும் ஒருசிறிது கூறல் வேண்டும். நெகிழி மேலுறையை அணிந்துகொண்டு நண்பகலில் ஓடி, வியர்வை வழிய வழியக் கொழுப்பு உருகுகின்றதென்று மகிழ்வாரைக் கண்டிருக்கின்றோம். வியர்வை நீரும் உப்புமே, அதில் கொழுப்பில்லை. ஓடி முடித்தவுடன் பொறி காட்டும் ஒரு கிலோக் குறைவு இரண்டு சொம்பு நீரில் மீண்டுவிடும். அங்ஙனமாயின் கொழுப்பு எவ்வழியே வெளியேறுகின்றது? ஆஸ்திரேலியாவைச் சார்ந்த ரூபன் மீர்மன், ஆண்ட்ரூ பிரௌன் என்னும் இருவர் 2014-இல் இதனைக் கணக்கிட்டுக் காட்டினர். பத்துக் கிலோ கொழுப்பு எரியுமாயின் 8.4 கிலோ கரியமில வாயுவாகி மூச்சின் வழியே போகின்றது, எஞ்சிய 1.6 கிலோவே நீராகின்றது. நாம் கொழுப்பை மூச்சாக விடுகின்றோம் என்பது கேட்பதற்கு வேடிக்கையாயினும் உண்மையே. அதனால் வேகமாக மூச்சு விட்டால் இளைத்துவிடலாமென்று மாணவ நண்பர்கள் கருதற்க. முதலில் அஃது எரிதல் வேண்டும்.

இத்துணையும் படித்தோர், ஓட்டத்தாற் பயனில்லை போலும் என்று எண்ணுவர். அற்றன்று. பயன் பெரிது, அது பொறியிற் காணப்படுவதன்று என்பதே யாம் சொல்ல வந்தது.

இதற்குச் சான்று தேடிக் கடல் கடக்க வேண்டுவதில்லை. மருத்துவர் அ. இராமச்சந்திரனும் அவர் குழுவினரும் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆராய்ச்சியின் முடிவு 2006-இல் வெளியாயிற்று. நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேரை நான்கு பகுதியாக்கினர். ஒரு பகுதியினர்க்குப் பொதுவான அறிவுரையன்றி வேறு யாதுஞ் செய்திலர். மற்றொரு பகுதியினரை நாள்தோறும் அரைமணி நேரமேனும் நடக்கவும் உணவைத் திருத்திக்கொள்ளவும் செய்தனர். ஏனை இரு பகுதியினர்க்கு மருந்தும், மருந்தோடு இவ்வொழுக்கமும் அளித்தனர். மூன்றாண்டில், யாதுஞ் செய்யாதோரில் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவுக்கு ஆளாயினர். நடந்து உணவைத் திருத்தியோரில் நூற்றுக்கு 39 பேரே ஆளாயினர். மருந்துண்டோர் அடைந்த பயனும் ஏறக்குறைய இவ்வளவே. இதில் கருதத்தக்கது யாதெனின், நடந்தோருடைய எடை குறிப்பிடத்தக்கவாறு குறைந்திலது! எடை நின்ற நிலையில் நிற்க, நோய் மட்டும் பின்வாங்கிற்று. அவர்கள் பொறியை மட்டும் நம்பியிருந்தால் முதலாண்டிலேயே நடையைக் கைவிட்டிருப்பர், நோயும் வந்திருக்கும். கட்டிலின்கீழ்க் கிடந்த எமது காலணிகளை நாம் மீண்டும் நினைத்தது இதனைப் படித்த அன்றேயாம்.

காரணம் இதுவே. இயங்கும் தசை குருதியிலுள்ள சர்க்கரையை ஈர்த்துக்கொள்கின்றது. இன்சுலினுக்கு அது நன்கு செவிசாய்க்கின்றது. வயிற்றினுள்ளே, குடலையும் ஈரலையுஞ் சூழ்ந்து கிடக்குங் கொழுப்பு, பயிற்சியால் முதலிற் குறைவது. வெளியே எடை மாறாதிருப்பினும் உள்ளே இம்மாற்றம் நிகழலாம். நம்மவர்க்கு இஃது இன்றியமையாதது, என்னை? பூனா நகரத்து மருத்துவர் யாஜ்னிக் என்பாரும் இலண்டன் நகரத்து யுட்கின் என்பாரும் 2004-இல் தம்மிருவர் உடலையுமே சான்றாகக் காட்டி லான்செட் இதழில் ஒரு சிறு குறிப்பு வெளியிட்டனர். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் உடல் நிறை எண் இருவர்க்கும் ஒன்றே, 22.3. கண்டோர் இருவரையும் மெலிந்தோரென்றே கூறுவர். ஆனால் யுட்கின் உடலிற் கொழுப்பு நூற்றுக்கு 9 பங்கு. யாஜ்னிக் உடலில் 21 பங்கு. யுட்கின் மாரத்தான் ஓடுபவர். யாஜ்னிக்கோ, மருத்துவமனையில் மின்தூக்கியின் கதவு மூடுமுன் ஓடிப் பிடிப்பதே தமது தலையாய பயிற்சியென்று நகைச்சுவைபட எழுதினார். பிறப்பும் வளர்ப்பும் இதிற் பங்குடையன என்பதை அவர்கள் மறந்திலர். மெலிந்த தோற்றத்தினுள்ளே கொழுப்பை மறைத்து வைத்தல் இந்தியர்தம் உடலியல்பு. இதனாலேயே மேனாட்டார்க்கு உடல் நிறை எண் 25 என்று வகுத்த வரம்பு, நமக்கு 23 என்று குறைக்கப்பட்டுள்ளது. எடைப்பொறியினும் தையற்காரரின் அளவு நாடாவே நமக்கு உண்மை கூறும். இடுப்புச் சுற்றளவு ஆடவர்க்கு 90 சென்டிமீட்டரும் பெண்டிர்க்கு 80 சென்டிமீட்டரும் கடத்தலாகாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நாடு முழுதும் நடந்து 2023-இல் வெளிவந்த ஆராய்ச்சி, நீரிழிவுடையோர் 10 கோடிக்கு மேலென்றும், அதன் வாயிலில் நிற்போர் 13 கோடிக்கு மேலென்றும் கூறிற்று.

இனி ஓடுமுறை. சென்னையில் ஹாரி குரோ பக் என்னும் பெரியார் 1920-இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவினார். அவ்வழி வந்த பயிற்சியாளர் பலர். ஓட்டப்பந்தயம் நம் மிஷன் கல்லூரிகளுக்குப் புதிதன்று. ஆயின் அவ்வோட்டம் பிறரை முந்துதற்கான ஓட்டம். பருத்த மாணாக்கன் திடலோரத்தில் நின்று பிறருடைய சட்டைகளைக் காத்திருப்பதே வழக்கம். அவன் நாற்பது வயதில் ஓடப் புகுங்கால், தான் கண்ட ஒரே ஓட்டமாகிய அதனையே பின்பற்றி முதல்நாளே விரைந்தோடி, இரண்டாம் வாரத்திற் கணைக்கால் வீங்கிப் படுத்துவிடுகின்றான். ஓடுங்கால் ஒவ்வோரடியிலும் தரை நம் காலை உடலெடையின் இரண்டு மூன்று மடங்கு விசையோடு தாக்குகின்றது. ஒரு கிலோமீட்டரில் இத்தகைய அடிகள் ஆயிரத்துக்குக் குறையா. நெஞ்சும் நுரையீரலும் சில வாரங்களில் பழகிவிடும். எலும்பும் நரம்பிழையும் பழகப் பல திங்களாகும். மூச்சு இடங்கொடுக்கின்றதே என்று காலை வருத்துதல் புதியோர் யாவரும் செய்யும் பிழை.

ஆதலின் முதல் மாதம் நடத்தலே நன்று. பின்னர் ஒரு மணித்துளி மெல்ல ஓடி இரண்டு மணித்துளி நடக்க. அதனையே பத்து முறை செய்க. ஓட்டத்தைச் சிறிது சிறிதாக நீட்டி, நடையைச் சுருக்குக. உடன் வருவோரோடு பேசிக்கொண்டே செல்ல முடியுமளவு வேகமே தக்க வேகம்; பேச்சு அறுபடுமாயின் வேகம் மிகையென்று அறிக. இடையிடையே நடத்தல் இழிவென்று நாணற்க. ஒலிம்பிக் பந்தயத்தில் ஓடிய ஜெஃப் காலோவே என்னும் அமெரிக்கர் பல்லாண்டுகளாகப் புதியோர்க்குக் கற்பித்த முறை இதுவே.

ஓடினால் முழங்கால் தேயுமென்று ஊரார் அச்சுறுத்துவர். பல ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்து 2017-இல் வெளியான ஒரு கணக்கின்படி, பொழுதுபோக்காக ஓடுவோரில் மூட்டுத் தேய்வுடையோர் நூற்றுக்கு மூன்று நான்கு பேர். ஓடாது அமர்ந்திருப்போரில் பத்துப் பேர். பந்தயத்துக்கென்றே கடுமையாக ஓடுவோரில் பதின்மூன்று பேர். அளவோடு ஓடுதல் மூட்டுக்குப் பகையன்று. ஆயினும் முன்பே மூட்டுநோயுடையோரும், நெஞ்சுநோய், இரத்த அழுத்தம் உடையோரும், நாற்பது கடந்தோரும் மருத்துவரைக் கண்டபின் தொடங்குதல் வேண்டும். இன்சுலினோ நீரிழிவு மாத்திரையோ கொள்வோர் ஓடுங்கால் சர்க்கரை தாழ்ந்து மயங்கலாம். சிறிது வெல்லமோ சர்க்கரையோ சட்டைப்பையில் இருத்தல் நன்று. நெஞ்சு இறுகுமாயின், அல்லது தலை சுழலுமாயின், அக்கணமே நின்றுவிடல் வேண்டும். எஞ்சிய தொலைவை முடித்துவிட்டு நிற்போம் என்னும் மானம் ஈண்டு வேண்டா.

எடை குறைதற்கு வழி உண்கலத்திலேயே உளது. திருவள்ளுவர் மருந்தென்று பெயரிட்ட 95-ஆம் அதிகாரத்தின் பெரும்பகுதியை உண்ணும் முறைக்கே ஒதுக்கியது காரணமின்றியன்று. நம் உணவிற் பெரும்பங்கு மாவுப்பொருள்; அதிலும் தீட்டிய அரிசி. சோற்றைப் பாதியாக்கி, அவ்விடத்தைக் கீரையும் காயும் பருப்பும் நிரப்புமாறு செய்தல் ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்தினும் எளிது. பயனும் அதனினும் மிகுதி. எம் பக்கத்து முதியோர் உண்ட கேழ்வரகுக் களியை மீண்டும் உண்ணத் தொடங்கினோம். அது அரிசியைவிடக் கலோரி குறைந்ததன்று என்பதையுஞ் சொல்லிவிடல் வேண்டும்; நாரும் சுண்ணச்சத்தும் மிக்கது, வயிற்றில் நெடுநேரம் நிற்பது, அவ்வளவே. தேநீரிற் சர்க்கரையை நீக்கினோம். வடையை ஞாயிற்றுக்கிழமைக்கென்று நிறுத்தினோம். முற்றும் விலக்கிலோம், முற்றும் விலக்கியோர் மூன்றாம் வாரத்தில் நான்காகத் தின்பதைக் கண்டிருக்கின்றோம்.

அங்ஙனமாயின் ஓட்டம் எடைக்கு யாதும் செய்யாதோ எனின், குறைந்த எடை மீண்டும் ஏறாதபடி காப்பது அதுவே. அமெரிக்காவில் 1994-இல் தொடங்கிய ஒரு பதிவேட்டில், பதின்மூன்று கிலோவுக்கு மேற் குறைந்து ஓராண்டேனும் அந்நிலையைக் காத்தோர் ஆயிரக்கணக்கில் தம் ஒழுக்கங்களைப் பதிந்துள்ளனர். அவர்கள் குறைத்த வழி பலவாயினும், காத்த வழி பெரும்பாலும் ஒன்றே: நாளொன்றுக்கு ஒருமணி நேரமளவு உடலை இயக்குதல், அதிலும் மிகுதி நடை.

பிந்தித் தொடங்கினோம் என்று இரங்குவார்க்கு இருவரைச் சுட்டலாம். 2021-இல் தமிழ்நாட்டு மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சரான மா. சுப்பிரமணியன் நீரிழிவுடையவர், சாலை விபத்தொன்றில் முழங்காற் காயமுற்றவர், ஐம்பதையொட்டிய வயதில் ஓடப் புகுந்து, அரை மாரத்தான்கள் நூற்றுக்கு மேல் ஓடி, ‘ஓடலாம் வாங்க’ என்றொரு நூலும் எழுதினார். நாளும் எட்டுக் கிலோமீட்டர் நடப்பதற்கென்று மாவட்டந்தோறும் நடைபாதை வகுக்கும் திட்டம் 2023 நவம்பரில் அவர் துறையினின்றே தோன்றிற்று. மற்றொருவர் பஞ்சாபிற் பிறந்து இங்கிலாந்திற் குடியேறிய ஃபௌஜா சிங். மகனை இழந்த துயரை ஆற்றிக்கொள்ள முதுமையில் ஓடத் தொடங்கி, 2000-இல் தமது 89-ஆம் வயதென்று கூறப்படும் பருவத்தில் இலண்டன் மாரத்தானை முடித்தார். அவர் 2025 சூலையில் தம் பிறந்த ஊரருகே சாலையில் வண்டி மோதி இறந்தார். முதுமையும் நோயும் செய்யாததை ஒரு வண்டி செய்தது.

எம்மூர்ச் சாலையிலும் வைகறையில் லாரிகள் விரையும். ஓடுவோர் எதிர்வரும் வண்டியைக் காணுமாறு சாலையின் வலப்புறமாகவே செல்லுதல் வேண்டும். வெளிறிய சட்டை அணிதல் வேண்டும். காதிற் பாட்டுக் கருவி செருகுதல் ஆகாது. கூடுமாயின் சாலையை விடுத்து மண்பாதையைப் பற்றுக. யாம் இப்பொழுது செல்வது அத்தகைய பாதையே. நாய்கள் சில உண்டு. அவற்றின்முன் ஓடாது நடந்து கடத்தல் நலம்.

காலணிகளைக் கட்டிலின்கீழிருந்து எடுத்து ஓராண்டாயிற்று. பொறி 78 காட்டுகின்றது. அதில் ஓட்டம் தந்தது எத்துணை, களியும் கீரையும் தந்தது எத்துணையென்று பிரித்தறிய இயலவில்லை. இடுப்பளவு 101 சென்டிமீட்டரிலிருந்து 93-க்கு வந்துள்ளது. வாரில் புதிதாக இரண்டு துளையிட்ட செருப்புத் தைப்பவர் காசு வாங்க மறுத்தார். 90-க்கு இன்னும் மூன்று சென்டிமீட்டர் உளது. சென்ற கிருத்திகையன்று திருத்தணிப் படிகளில், பாதி வழியில் நின்று தூணைப் பற்றிக்கொள்ளாமல், உடன்வந்த சிறுவனோடு பேசிக்கொண்டே ஏறினோம்.